படிக்காமலே பத்துக்குப் பத்து

பெற்றோரே, உங்கள் பிள்ளை தொடக்கநிலை 6. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ கதவைத் தட்டுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம் தெரிவுவிடைக் கருத்தறிதல். பகுதியின் தலைப்பு 'ஓட்டுநரில்லாப் பேருந்து'. ஐந்து கேள்விகள், கேள்விக்கு நான்கு விடைகள், விடைக்கு இரண்டு மதிப்பெண். பயம் வேண்டாம், நான் இருக்கிறேன். கீழே சொல்வதை வரிசை மாறாமல் செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே நன்றாகவே செய்துகொண்டிருக்கிறீர்கள். மீதியைக் கற்றுக்கொள்ள ஒரு கோப்பி குடிக்கும் நேரம் போதும்.

படி 1. ரயிலில் முன்பெட்டிக்கு விடாதீர்கள்

என் துணைப்பாட வகுப்பு லிட்டில் இந்தியாவில். நீங்கள் பிள்ளையோடு வடகிழக்கு ரயில் பாதையில் வருகிறீர்கள். 2003 ஜூன் 20ஆம் தேதி திறந்த நாள்முதல் அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. ஓட்டுநர் அறை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி. அதில் மூக்கை வைத்து நின்றால் சுரங்கம் வளைந்து வளைந்து எதிரே வரும். தண்டவாளம் மின்னும். சிராங்கூன் சாலைக்கடியில் இத்தனை இருட்டா என்று பிள்ளை வாயைப் பிளக்கும்.

அங்கேதான் ஆபத்து. போன மாதம் ஒரு பையனை அவனுடைய அப்பா அந்தக் கண்ணாடிப் பக்கம் விட்டுவிட்டார். வகுப்புக்கு வந்து உட்கார்ந்ததும், "சார், ரயில்லயே ஆள் இல்லாமத்தான் வந்தேன். பகுதியில வர்ற பாட்டி பஸ்ஸுக்கு மட்டும் ஏன் பயப்படுறாங்க?" என்று கேட்டான். நான்கு விடைகளையும் புரட்டிப் பார்த்தேன். அவனுக்கு ஏற்றது ஒன்றுகூட இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தான். இரண்டு மதிப்பெண் போயிற்று.

ஆகவே நடுப்பெட்டியில் ஏறுங்கள். மடியில் பயிற்சித்தாளை வையுங்கள். ஓட்டுநரில்லாத வண்டியில் உட்கார்ந்து ஓட்டுநரில்லாத வண்டியைப் பற்றிப் படிக்கட்டும், நிமிராமல்.

படி 2. நிலையத்திலிருந்து வகுப்புவரை வேகமாக இழுத்துக்கொண்டு நடங்கள்

பஃபலோ ரோடு பக்கம் மேலே ஏறினால் தேக்கா. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊர்த் தம்பிகள் கூட்டம். அறந்தாங்கி, புதுக்கோட்டை, மன்னார்குடி என்று எல்லா ஊர்த் தமிழும் ஒரே நடைபாதையில் கேட்கும். ஒருவர் கைப்பேசியை நீட்டிப் பிடித்து, "பாப்பா, இங்க பாரு, பூக்கடை தெரியுதா? சாப்டியாடா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். திரையில் இரண்டு வயதுக் குழந்தை தன் காதை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். அவர் அந்தக் காதோடு பேசுவார்.

உங்கள் பிள்ளை நின்று பார்க்கும். கையைப் பிடித்து இழுங்கள். புதிய தொழில்நுட்பம் மனிதர் வாழ்வில் என்ன செய்கிறது என்று நாம் ஒரு மணி நேரம் கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம். அதை நடைபாதையில் இலவசமாகப் பார்த்துவிட்டால் பிறகு எனக்கு என்ன வேலை?

படி 3. வீட்டில் தமிழ் பேசாதீர்கள்

இதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் ஏறக்குறைய 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான். மற்றவர்களும் சற்று முயன்றால் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

காரணம் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குச் சொல் தெரிந்துவிடுகிறது. சொல் தெரிந்த பிள்ளை பகுதியைப் படிக்கத் தொடங்குகிறது. படித்தால் கதைக்குள் போய்விடுகிறது. கதைக்குள் போனதைத் திரும்ப வெளியே கொண்டுவர எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. தமிழே தெரியாத பிள்ளையோடு இந்தத் தொல்லை கிடையாது. அது எடுத்த எடுப்பில் விடைகளைப் பார்க்கும்.

போன ஆண்டு ஒரு சிறுமி 'தானியங்கிக் கதவு' என்ற சொல்லைப் பார்த்து, தானியம் வைக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டாள். கடைசிவரை அந்தப் பேருந்து அரிசி ஏற்றிப் போவதாகவே அவள் மனத்தில் இருந்தது. ஐந்துக்கு ஐந்தும் சரி. இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் நம் நிலையத்தின் பெருமை.

செய்தித்தாளும் வேண்டாம். தமிழ் முரசு 1935லிருந்து வருகிறது. இத்தனை ஆண்டுகளில் ஒரு செய்திக்கு அடியிலாவது (1) (2) (3) (4) என்று போட்டிருக்கிறார்களா? படித்துவிட்டு என்ன முடிவுக்கு வருவது என்று வாசகர் தலையில் கட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

படி 4. பணத்தைப் பாராதீர்கள்

2023 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் குடும்பங்கள் ஓராண்டில் தனியார் துணைப்பாடத்துக்குச் செலவிட்டது ஏறக்குறைய 180 கோடி வெள்ளி. ஐந்தாண்டுக்கு முன்பு 140 கோடி. முன்னேற்றம் தெரிகிறது. இருந்தாலும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பங்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாதல்லவா? அதனால் கூடுதலாகவே கொடுத்துவையுங்கள்.

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போய்ப் பயிற்சி நூல்கள் வாங்குங்கள். ஒன்று போதாது, ஐந்து. ஐந்திலும் அதே பாட்டி, அதே பேருந்து. பிள்ளை ஒன்றைச் செய்தால் போதும். மற்ற நான்கும் அலமாரியில் இருக்கட்டும், விருந்தாளிகளுக்குத் தெரியும்படி.

படி 5. பகுதியைப் படிக்காதீர்கள்

இப்போது வேலைக்கு வருவோம். தொழில்நுட்பம் பற்றிய பகுதி எதுவாக இருந்தாலும் அதில் நான்கு பத்திகள். நான் உங்களுக்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், இனி வாழ்நாளில் ஒன்றையும் படிக்கத் தேவையிருக்காது.

முதல் பத்தியில் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புவான். பேருந்து மத்தியானம் மூன்று மணிக்கு வந்தாலும் கதிரவன் காலையில் உதித்தே ஆகவேண்டும். இரண்டாம் பத்தியில் மாறன் வியப்பான். (பெயர் மாறனாகவோ அமுதனாகவோ கயல்விழியாகவோ இருக்கும். உங்கள் பிள்ளையின் வகுப்பில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்பதைப் பொருட்படுத்தாதீர்கள்.) மூன்றாம் பத்தியில் பாட்டி தயங்குவார். தாத்தா தயங்குவதில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது. நான்காம் பத்தியில் பாட்டி மனம் மாறுவார், எல்லாரும் சிரிப்பார்கள், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.

பேருந்தை எடுத்துவிட்டு ஆளில்லா வானூர்தியை வையுங்கள். அதையும் எடுத்துவிட்டு முப்பரிமாண அச்சு, மின்னிலக்கப் பணப்பை, செயற்கை நுண்ணறிவு எதை வேண்டுமானாலும் வையுங்கள். பாட்டி தயங்கிக்கொண்டேதான் இருப்பார்.

படி 6. விடைகளின் வாலைப் பிடியுங்கள்

முதல் கேள்வி: பாட்டி பேருந்தில் ஏறத் தயங்கியது ஏன்?

(1) பசித்ததால்
(2) ஓட்டுநர் இருக்கையில் எவரும் இல்லாததைக் கண்டு பாதுகாப்பு குறித்து அச்சம் கொண்டதால்
(3) பேருந்து பழையதாக இருந்தது
(4) எல்லாத் தொழில்நுட்பங்களையும் எப்போதும் வெறுத்ததால்

கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள். 'ஏன்' என்று கேட்டால் விடை 'ஆல்' என்று முடியவேண்டும். மூன்று போயிற்று. 'எல்லா', 'எப்போதும்', 'ஒருபோதும்', 'மட்டுமே' என்று அழுத்திப் பேசுகிறவர்களை உலகத்தில் நம்பலாம், தாளில் நம்பக்கூடாது. நான்கும் போயிற்று. ஒன்று ஒரே சொல். கேள்வி எழுதியவர் களைத்துப்போய் எழுதியது. மிச்சம் இரண்டு. அதுதான் நீளமும். உண்மை என்று நிரூபிக்கவேண்டியதை விளக்கி எழுதினால்தான் பிறகு பெற்றோர் வந்து சண்டை பிடிக்கமாட்டார்கள். ஆகவே சரியான விடை எப்போதும் கொஞ்சம் பருமனாக இருக்கும்.

பாட்டி யார் என்று தெரிய வேண்டுமா? வேண்டாம். பேருந்து என்றால்? அதுவும் வேண்டாம். மூன்றாம் வேற்றுமை உருபு தெரிந்தால் போதும். தொல்காப்பியர் இதற்காகத்தான் பாடுபட்டார்.

இந்த இடத்தில் ஒரு சிறு சச்சரவு. 'ஓட்டுநர்' சரியா, 'ஓட்டுனர்' சரியா என்று எங்கள் ஆசிரியர் அறையில் மூன்று வாரமாக இரண்டு கட்சி. ஒருவரோடொருவர் பேச்சு நின்றுபோய் கோப்பிகூடத் தனித்தனியாக வாங்குகிறார்கள். வண்டியில் ஆளே இல்லை. அவருக்கு எந்த 'ந' என்பதில் மட்டும் சமாதானம் இல்லை. நான் தந்நகரக் கட்சி. உங்கள் பிள்ளையும் அப்படியே எழுதட்டும்.

படி 7. கேள்வி கேட்கப்படாத வரிகளை அடித்துவிடுங்கள்

சில பகுதி எழுத்தாளர்களுக்கு அவ்வப்போது ஒரு பலவீனம் வரும். கதிரவனுக்கும் அமுதத்துக்கும் நடுவே தம்மை மறந்து ஒரு வரி எழுதிவிடுவார்கள். இந்தப் பகுதியிலும் ஒன்று இருக்கிறது. நான்காம் பத்தியில், பாட்டி இறங்கும்போது நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் முன்பக்கம் திரும்பி, "நன்றி தம்பி" என்கிறார். அங்கே யாரும் இல்லை.

அவ்வளவுதான். அதைப் பற்றி ஐந்து கேள்விகளிலும் ஒன்றும் இல்லை. ஆனால் போன வாரம் ஒரு பெண்பிள்ளை அந்த வரியில் போய் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். நாற்பது விநாடி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்பது விநாடியில் ஒரு கேள்வியை முடித்திருக்கலாம்.

ஆகவே பென்சிலைக் கொடுத்து, கேள்வி கேட்கப்படாத வரிகளையெல்லாம் முதலிலேயே அடித்துவிடச் சொல்லுங்கள். இப்படிச் செய்தால் ஒரு பக்கப் பகுதி ஆறு வரிக்கு வந்துவிடும். தீவிரமாகச் செய்தால் மூன்று.

படி 8. நாட்டு நடப்பை மறைத்து வையுங்கள்

இந்தப் படிதான் கடினம், ஏனென்றால் இந்த ஊர் ஒத்துழைப்பதில்லை. எங்கே திரும்பினாலும் ஏதாவது ஒரு புதிய தொழில்நுட்பம் சோதனையில் இருக்கும். அது ஒன்றும் பகுதியில் வருகிறபடி நடந்துகொள்ளாது.

2016 ஆகஸ்டில் ஒன்-நார்த் வட்டாரத்தில் நியூடோனமி நிறுவனம் தானோட்டி டாக்சியைப் பொதுமக்களுக்கு விட்டது. உலகிலேயே முதல் பொதுச் சோதனை என்று பேசப்பட்டது. ஓட்டுநரில்லா அந்த வண்டியில், ஓட்டுநர் இருக்கையில் ஒரு பொறியாளர் உட்கார்ந்திருந்தார். அவசரத்துக்கு. 'வண்டியை ஓட்டியவர் யார்?' என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். நான்கு விடையும் சரி, நான்கும் தப்பு. விடைத்தாள் தாங்காது.

2020 மே மாதம் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் நாலு கால் இயந்திர நாய் ஒன்றை நடக்கவிட்டார்கள். நோய்த்தொற்றுக் காலம். அது மெல்ல நடந்துவந்து, தள்ளி நில்லுங்கள் என்று மனிதக் குரலில் கேட்டுக்கொண்டது. நாய் குரைத்தால் மனிதர் விலகுவார்கள். இந்த நாய் பேசியதும் எல்லாரும் படம் எடுக்க நெருங்கி வந்தார்கள். இதற்கு எப்படிக் கருத்தறிவது?

எல்லாவற்றையும்விட மோசம் 2024 ஜனவரி. பழைய பயண அட்டைகளை நிறுத்திவிட்டு எல்லாரையும் சிம்ப்ளிகோ என்ற புதிய கட்டண முறைக்கு மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. புதிய முறையில் வாயிலில் தட்டும்போது அட்டையில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. செயலியைத் திறந்து பார்க்கவேண்டும். தேக்கா சந்தையில் மீன் வாங்க நிற்கும் பாட்டிகள் செயலியைத் திறப்பார்களா? "காசு எவ்ளோ இருக்குன்னு கண்ணுல காட்டு, இல்லன்னா பழச விடு" என்றார்கள். அவர்கள் மட்டுமல்ல, இளையவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதே மாதம் 22ஆம் தேதி அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையும் தொடரும், அதற்குக் கூடுதலாக 4 கோடி வெள்ளி செலவாகும் என்றது.

கவனித்தீர்களா? பாட்டி மனம் மாறவில்லை. தொழில்நுட்பம் மனம் மாறியது. நான்காம் பத்தியே தலைகீழ். இதைப் பிள்ளையிடம் சொல்லவே சொல்லாதீர்கள். தெரிந்துவிட்டால், 'பாட்டியின் அச்சம் எவ்வாறு நீங்கியது?' என்ற கேள்விக்கு, "பாட்டி சொன்னது சரியாக்கூட இருக்கலாம்ல?" என்று ஐந்தாவது விடை ஒன்றைக் கையோடு கொண்டுவரும். தாளில் ஐந்தாவது வட்டம் இல்லை.

படி 9. முன்னோரை வணங்குங்கள்

நம் தொழிலுக்கும் மூதாதையர் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸில் ஃபிரெடெரிக் கெல்லி என்பவர் 1915இல் ஒரு தேர்வைக் கொண்டுவந்தார். தெரிவுவிடைத் தேர்வின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அது எதைச் சோதித்த தேர்வு தெரியுமா? வாய்விடாமல் மனத்துக்குள் வாசிப்பதை. ஒரே தாளுக்கு ஓர் ஆசிரியர் ஒரு மதிப்பெண், இன்னோர் ஆசிரியர் வேறு மதிப்பெண் போடுகிறார், திருத்தவும் நேரம் ஆகிறது என்பது அவர் குறை. அதில் ஒரு கேள்வியில் பசு, புலி, எலி, ஓநாய் என்று நான்கு விலங்குகள். பண்ணைக்குப் பயன்படுவதைச் சுற்றிக் கோடு போடவேண்டும். பசுதான். சந்தேகம் இல்லை. ஆனால் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பத்தாவது மாடியில் பிறந்து வளர்ந்தவர்கள். எவனாவது ஒருவன், "எலிய ஆராய்ச்சிப் பண்ணையில வளப்பாங்க சார்" என்பான். அவனை நான் கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன்.

பிறகு ரெனால்ட் ஜான்சன். மிச்சிகனில் பள்ளி ஆசிரியர். சிறுவயதில் சகோதரிகளைப் பார்க்க வரும் வாலிபர்களின் கார் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கிறுக்கிவைப்பார். பென்சில் கரியில் மின்சாரம் பாயும் என்பதால் வண்டி கிளம்பாது. வாலிபர்கள் திண்டாடுவார்கள். அந்தக் குறும்பு பின்னாளில் கைகொடுத்தது. மாணவன் பென்சிலால் கறுப்பாக்கிய இடத்தில் மின்சாரம் பாய்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடும் இயந்திரத்தை உருவாக்கினார். ஐபிஎம் அதை 805 என்ற பெயரில் 1938இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்போது விடைத்தாளை ஒளி படிக்கிறது, பென்சில் கரியில் மின்சாரம் பாயத் தேவையில்லை. பென்சிலை மட்டும் நாம் விடவில்லை. 2பி.

நன்றாக யோசித்துப் பாருங்கள். திருத்துவதற்கு ஆள் வேண்டாம் என்று 1938லேயே முடிவாகிவிட்டது. படிப்பதற்கும் ஆள் வேண்டாம் என்று ஆக்குவதுதான் மீதி வேலை. அதைத்தான் நான் பஃபலோ ரோட்டில் இரண்டாவது மாடியில் செய்துகொண்டிருக்கிறேன்.

படி 10. எழுதியவரிடம் கேட்காதீர்கள்

எழுதியவருக்குத் தம் எழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இது நிரூபிக்கப்பட்ட உண்மை. சாரா ஹோல்புரூக் என்ற அமெரிக்கக் கவிஞரின் கவிதைகளை டெக்சஸ் மாநிலத் தேர்வில் எடுத்துப் போட்டார்கள். தம் கவிதைகளைப் பற்றிய கேள்விகளுக்குத் தம்மாலேயே விடை சொல்ல முடியவில்லை என்று 2017இல் அவரே எழுதினார். ஓரிடத்தில் கவிதையை ஏன் பிரித்தார் என்று கேள்வி. அவர் மேடையில் வாசிக்கிறவர்; அந்த இடத்தில் மூச்சுவிட நிறுத்துவார், அதனால் பிரித்தார். கொடுத்த விடைகளில் அது இல்லை. சரியான பயிற்சி இல்லாததால் வந்த வினை. என்னிடம் ஆறு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால் போதும்.

2012இல் நியூயார்க் மாநிலத்தின் வாசிப்புத் தேர்வில் ஓர் அன்னாசிப்பழம் முயலோடு ஓட்டப்பந்தயத்துக்கு நின்ற கதை வந்தது. அன்னாசிக்குக் கால் ஏது? பந்தயம் தொடங்கியும் அசையவில்லை. கடைசியில் விலங்குகள் அதைத் தின்றுவிட்டன. விலங்குகள் ஏன் தின்றன, அவற்றுள் அறிவாளி எது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கேள்வி. நகரமே கொந்தளித்தது. அந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் இல்லை என்று அதிகாரிகள் விலக்கிக்கொண்டார்கள். கோழைத்தனம். 'ஏன் தின்றன?' என்றால் 'ஆல்' என்று முடிகிற நீளமான விடையைப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே?

படி 11. ஒரு மதிப்பெண்ணுக்காகத் தூக்கத்தை விடுங்கள்

பிஎஸ்எல்இயில் 2021லிருந்து பழைய திரள் மதிப்பெண் முறை போய் அடைவுநிலை வந்துவிட்டது. 90ம் அதற்கு மேலும் எடுத்தால் முதல் நிலை. 85லிருந்து 89வரை இரண்டாம் நிலை. நான்கு பாடத்தையும் கூட்டினால் மிகச் சிறந்த மொத்தம் 4, மிக மோசம் 32. மொத்தம் குறையக் குறைய இனிப்பு வழங்குகிற ஊர் நம் ஊர். பிள்ளைகள் ஒருவரோடொருவர் நுணுக்கமாக ஒப்பிட்டுக்கொண்டு மனம் உடையக்கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த மாற்றம் இது. நல்ல நோக்கம். அதை நாம் எப்படி முறியடிப்பது?

எளிது. 89 என்ற எண்ணைச் சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டுங்கள். 89க்கும் 90க்கும் நடுவே இருப்பது ஒரு தெரிவுவிடை, அதாவது ஒரு பாட்டி, அவரது ஒரு தயக்கம் என்று பிள்ளைக்கு விளக்குங்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் விளக்குவது நல்லது. 2023 முதல் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வே இல்லை. பிள்ளைகள் மூச்சுவிடட்டும் என்று எடுத்துவிட்டார்கள். அதனால் மே மாதம் காலியாகக் கிடக்கிறது. கவலைப்படாதீர்கள், அந்த மாதத்துக்கு மட்டும் எங்களிடம் தனியாக ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பு உண்டு. முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

படி 12. தலைப்புக் கேள்வியில் சுவையைத் தவிருங்கள்

கடைசிக் கேள்வி: இப்பகுதிக்குப் பொருத்தமான தலைப்பு எது?

(1) யாருக்கு நன்றி?
(2) பாட்டியும் பேருந்தும்
(3) தொழில்நுட்ப வளர்ச்சியும் அதன் நன்மைகளும்
(4) மாறனின் விடுமுறை

முதலாவது விடையைப் பார்த்து உங்கள் பிள்ளை ஒரு கணம் நிற்கும். அது நல்ல தலைப்பு. நானே ஒரு பத்திரிகைக்கு எழுதினால் அதைத்தான் வைப்பேன். ஆகவே அது தவறு. எதைப் படித்தால் கொட்டாவி வருகிறதோ அதற்கு நேராக வட்டத்தைக் கறுப்பாக்கச் சொல்லுங்கள். மூன்று.

படி 13. முடிந்ததும் வெகுமதி

பத்துக்குப் பத்து வாங்கிவிட்டது பிள்ளை. மகிழ்ச்சி. சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ், 1947லிருந்து இருக்கிறது, அழைத்துப்போய் ஒரு மசால் தோசை வாங்கிக்கொடுங்கள். சாப்பிடும்போது, "பகுதி எதப் பத்திமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது உங்களை நிமிர்ந்து பார்க்கும் பார்வை நன்றாக இருக்காது. தோசை எப்படி என்று கேளுங்கள். (1) சுவை, (2) மிகவும் சுவை என்று ஏதாவது சொல்லும்.

திரும்பும்போதும் நடுப்பெட்டிதான். லிட்டில் இந்தியாவில் 2015லிருந்து டௌன்டவுன் பாதையும் உண்டு; அதில் போகலாமே என்று நினைக்காதீர்கள். அதற்கும் ஓட்டுநர் கிடையாது.

அந்த நாற்பது விநாடிப் பெண்ணின் அம்மா நேற்று அழைத்தார். மகள் இப்போதெல்லாம் ரயிலைவிட்டு இறங்கும்போது முன்பெட்டிப் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுக்கிறாளாம். பயிற்சித்தாளை இரண்டு மடங்காக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு, காலை பத்து மணி. பகுதி: செயற்கை நுண்ணறிவு. அதை எழுதித் தரும்படி செயற்கை நுண்ணறிவிடமே கேட்டிருக்கிறேன், இன்னும் கையில் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2, 4, 1, 2, 3.